'பெண்கள்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் தேடுகிறான். பட்டியலில் 'மிசிசிப்பி பெண்கள் பல்கலைக்கழகம்' என்று ஒன்று. ஆண்களும் சேரலாமாம்! அப்புறம் அந்தப் பெயர் எதற்கு? மாற்றிவிட வேண்டியதுதானே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. 2009-ல் 'ரெனோ பல்கலைக்கழகம்' என்று வைக்கலாம் என்றார்கள். பெண்களுக்கு அரசுக் கல்லூரி வேண்டும் என்று 1850-களிலேயே போராடிய சாலி ரெனோவின் பெயர் அது; நல்ல பெயர்தான், ஆனாலும் நடக்கவில்லை. 2024 தொடக்கத்தில் 'பிரைட்வெல்' என்றார்கள், முன்னாள் மாணவிகள் கொதித்துப்போனார்கள், சில வாரங்களிலேயே 'வின்பிரிட்ஜ்' என்றார்கள், அதுவும் எடுபடாமல் கைவிட்டார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் அது 'தி டபிள்யூ'தான், பெண்கள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து.

1884-ல் சட்டம் போட்டு உருவாக்கிய கல்லூரி. பெண்களுக்காக அரசுப் பணத்தில் நடந்த கல்லூரிகளில் அமெரிக்காவிலேயே அதுதான் முதல்.

ஆண்கள் உள்ளே வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜோ ஹோகன் அதே ஊரில் வேலை பார்த்த ஆண் செவிலியர். நர்சிங் பட்டம் படிக்க 1979-ல் விண்ணப்பித்தார். தகுதியெல்லாம் இருந்தது, ஆனால் ஆண் என்பதால் இடம் இல்லை. வேண்டுமானால் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொள், பட்டம் கிடையாது என்றார்கள். வேறு அரசுக் கல்லூரிக்குப் போவதென்றால் நூறு மைலுக்கும் அப்பால் போக வேண்டும், வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர். ஆண்களைச் சேர்க்காமல் இருப்பது 'நர்ஸ் வேலை பொம்பளைங்க வேலை' என்ற நினைப்பைத்தான் வளர்க்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். தீர்ப்பு நர்சிங் பள்ளிக்கு மட்டும்தான், ஆனால் மற்ற படிப்புகளையும் ஆண்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று சுமார் ஐந்தில் ஒருவர் ஆண்.

ஒன்றை மறக்கக் கூடாது. 1966 வரை அங்கே கறுப்பினப் பெண்களுக்கு இடமே கிடையாது. 'பெண்கள்' என்று பெயரில் இருந்ததே தவிர வெள்ளையர் வீட்டுப் பெண்கள் என்றுதான் அர்த்தம். பழைய அடையாளம் போகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், பெயர் இருக்கட்டும். அந்த இடம் யாருக்காகத் திறந்தது என்பதற்கு அந்தச் சொல்தான் சாட்சி. மாணவர் எண்ணிக்கை கூட வேண்டும், பையன்கள் தயங்குகிறார்கள் என்ற கவலை நிர்வாகத்துக்கு இருப்பது புரிகிறது. ஆனால் ஆண்களின் பெயர் தாங்கிய எத்தனை கல்லூரிகளின் சான்றிதழைப் பெண்கள் கூச்சமே இல்லாமல் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்கள்!

சரி, உங்கள் அக்கா மகன் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சின்னப் பல்கலைக்கழகம், எல்லாப் பாடமும் இருக்காது. அவன் கேட்கும் மேற்படிப்பு அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.