வாசகர் கேள்வி – பதில்: மாணவர் செய்த காட்சிக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

கேள்வி: ஐயா, நான் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் அறிவியல் மன்ற மாணவர்கள் அல்கோடூ மென்பொருளில் பந்து, சக்கரம், சுருள்வில், தண்ணீர் முதலியவற்றைக் கொண்டு இயங்கும் காட்சிகளையும் சிறு விளையாட்டுகளையும் உருவாக்குகிறார்கள். வாரந்தோறும் ஒருவர் செய்ததற்கு மற்றவர்கள் கருத்து எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். வருவதெல்லாம் ‘சூப்பர்’ அல்லது ‘ஓடவில்லை’ என்பதுதான். சென்ற மாதம் ஒரு மாணவனின் காட்சியில் இருந்த தவறுகளை நானே வரிசையாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எதையும் கொண்டு வரவில்லை. மனம் நோகாமலும் பயன்படும்படியும் கருத்துச் சொல்வது எப்படி?

பதில்: அந்த மாணவனைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதே நல்ல தொடக்கம். அவனிடம் நீங்கள் சொன்னவை எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் எதைச் செய்ய நினைத்தான் என்று கேட்பதற்கு முன்பே அவை வந்துவிட்டன என்று தோன்றுகிறது. ஸ்வீடனின் உமேயா பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் தம் முதுநிலைப் படிப்பின்போது உருவாக்கி, 2008இல் வெளிவந்த ‘ஃபன்’ என்ற மென்பொருளிலிருந்து வளர்ந்ததுதான் அல்கோடூ. திரையில் ஒரு வடிவத்தை வரைந்து, உடனே ஓடவிட்டு, சரிந்து விழுந்தால் மீண்டும் வரைந்து பார்ப்பதுதான் அதன் இயல்பு. ஆகவே அதில் செய்யப்பட்ட ஒன்றுக்குச் சொல்லும் கருத்து, மதிப்பெண் போல முடிந்துபோகாமல், அடுத்து ஓடவிட்டுப் பார்க்க ஏதேனும் ஒன்றைக் கையில் தர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவி பீரங்கி ஒன்றைச் செய்கிறாள். குண்டு சுவரில் மோதாமல் அதை ஊடுருவி மறுபக்கம் போய்விடுகிறது. ‘உன் சுவர் தவறு’ என்று எழுதினால் அவளுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. உண்மையில் அவள் தவறு எதுவும் செய்யவில்லை. கணினி காலத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை, சிறு சிறு படிகளாக வெட்டியே பார்க்கிறது. விநாடிக்கு 60 படிகள் என்று கொண்டால், விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒவ்வொரு படியிலும் அரை மீட்டர் தாவுகிறது. குண்டின் விட்டம் 20 சென்டிமீட்டர், சுவரின் தடிமன் 10 சென்டிமீட்டர் என்றால், ஒரு படியில் சுவருக்கு இப்பால் இருந்த குண்டு, அடுத்த படியில் சுவரைத் தொடாமலேயே அப்பால் நிற்க முடியும். ‘குண்டு மெதுவாகப் போகும்போது சுவர் தடுக்கிறது, வேகம் கூடினால் தடுக்கவில்லை, சுவரைத் தடிமனாக்கியோ படிகளின் எண்ணிக்கையைக் கூட்டியோ பார்க்கிறாயா?’ என்று எழுதினால் அவள் அன்று மாலையே கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். கனமான எடையை மெல்லிய சங்கிலியில் தொங்கவிடும்போது சங்கிலி ரப்பர் போல இழுபடுவதும் பெரும்பாலும் இத்தகைய கணக்கீட்டுச் சிக்கலே. எடை வித்தியாசத்தைக் குறைக்கச் சொன்னால் போதும்.

கருத்துச் சொல்பவரே தவறும் இடங்களும் உண்டு, அவற்றை மாணவர்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியம். மீட்சிக் குணகம் 0.5 ஆகும்படி அமைத்த பந்து 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 2 மீட்டர் எழவில்லை, ஒரு மீட்டர்தான் எழுந்தது என்று ஒருவன் குறை எழுதக்கூடும். அந்தக் குணகம் மோதலுக்குப் பின் எஞ்சும் வேகத்தின் பங்கையே குறிக்கிறது. உயரமோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே பாதி வேகத்துக்குக் கால் பங்கு உயரம் என்பதே சரி. குறை எழுதும் முன் தாளில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கத்தை உங்கள் மன்றத்தில் கட்டாயமாக்குங்கள் என்றே சொல்வேன்; செய்தவனுக்கு அது மரியாதை, எழுதுபவனுக்கு அது பாடம்.

விளையாட்டுகளுக்கு வேறு வகைக் கவனம் தேவை. செய்தவனுக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்பது மனப்பாடம். புதிதாக ஆடுபவருக்கு அது தெரியாது. ஆகவே ஆடுபவர் எந்த இடத்தில் திகைத்தார், எத்தனையாவது முயற்சியில் தாண்டினார், தோற்ற பிறகு மறுபடி தொடங்க வழி தெரிந்ததா என்பவற்றை நடந்தபடியே எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் அதிகமுள்ள காட்சி பழைய கணினியில் மிக மெதுவாக ஓடும் என்பதால், எந்தக் கணினியில் ஆடினோம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பாராட்டும் இதே போலக் குறிப்பாக இருக்கட்டும். ‘சூப்பர்’ என்பதைவிட, ‘நெம்புகோல் சாய்ந்ததும் கதவு திறக்கும் அந்த இடத்தை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன்’ என்ற ஒரு வரி செய்தவனின் மனத்தில் நெடுநாள் நிற்கும். அந்த மாணவனின் பழைய காட்சியை நீங்களே மீண்டும் திறந்து ஓடவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த ஓர் அசைவைச் சொல்லி, அதை எப்படிச் செய்தாய் என்று அவனிடம் கேளுங்கள். திருத்தங்கள் எதையும் அன்று சொல்ல வேண்டாம்.

கேள்வி: என் மகள் பிறர் பகிர்ந்த காட்சிகளைத் திறந்து, பாகங்களைப் பிரித்து, தன் விருப்பப்படி மாற்றுகிறாள். இது முறையா?

பதில்: தாராளமாகச் செய்யட்டும். ஓட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு பாகத்தின் அடர்த்தியும் உராய்வும் எவ்வளவு என்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. மாற்றியதைப் பிறருக்குக் காட்டும்போது மட்டும், மூலக் காட்சி யாருடையது, தான் மாற்றியது எது என்ற இரண்டையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மாற்றியதை முதலில் செய்தவருக்கே அனுப்பி வைத்தால் அவர் மகிழ்வார்.