எம்டிபி ரிப்பேர், அப்கிரேடு: கேட்டதும் சொன்னதும்

எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிள் வச்சிருக்கறவங்க பார்ட்ஸ் பத்தி, ரிப்பேர் பத்தி எது வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். நெறைய கேள்வி வந்துச்சு, ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன். கார்பன் ஃப்ரேம், எலக்ட்ரானிக் கியர் பத்தி கேட்டவங்க கொஞ்சம் பொறுங்க, மொதல்ல நம்ம ஊர்ல அதிகமா ஓடுற 21 கியர் வண்டிக்காரங்களுக்கு சொல்லிடறேன், அவங்களுக்குத்தான் சரியான ஆள் கெடைக்காம காசு வீணாகுது.

கேள்வி (சேலம்): அண்ணா, செயின் துருப்புடிச்சிருந்துச்சுன்னு புதுசு போட்டேன். இப்ப ஏற்காடு மேட்டுல அழுத்தி மிதிச்சா டக் டக்குன்னு வழுக்குது. பழைய செயின்ல இது இல்ல. கடைக்காரர் டூப்ளிகேட் செயின்னு சொல்றாரு. உண்மையா?

பதில்: செயின் மேல தப்பு இருக்கும்னு தோணல தம்பி. பழைய செயின் தேஞ்சு நீண்டு போயிருக்கும், பின்னாடி ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம் மொத்தமும் சேந்த செட்டு) பல்லும் அதுக்கு ஏத்த மாதிரியே தேஞ்சிருக்கும், ரெண்டும் சேந்து தேஞ்சதால வழுக்காம ஓடிட்டிருந்துச்சு. இப்ப சரியான அளவுல ஒரு செயின் வந்ததும் தேஞ்ச பல்லுல உக்கார மாட்டேங்குது. நீங்க எப்பவும் ஓட்டுற ரெண்டு மூணு பல்சக்கரத்துல மட்டும் வழுக்குதா, அதிகம் தொடாததுல நல்லா ஓடுதான்னு பாருங்க. அப்படின்னா சந்தேகமே இல்ல, ஃப்ரீவீல் மாத்தணும்.

இனிமே செயினை இப்படி அளந்து பாருங்க, தனி டூல் வேணாம், 12 இன்ச் ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு ரிவெட்டோட நடுவுல ஸ்கேலோட பூஜ்யத்தை வைங்க, செயின் தொய்வில்லாம இருக்கணும். புது செயின்ல 12 இன்ச் கோட்டுல இன்னொரு ரிவெட்டோட நடு கரெக்டா வந்து நிக்கும். அது 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தா செயின் மட்டும் மாத்துனா போதும். 1/8 இன்ச் தள்ளிப் போற வரைக்கும் விட்டீங்கன்னா ஃப்ரீவீலையும் சேத்துத்தான் மாத்தணும். செயின் வெல கம்மி, அதை நேரத்துக்கு மாத்துனா மத்ததெல்லாம் பொழச்சுக்கும்.

கேள்வி (மதுரை): ப்ரோ, செயினுக்கு டபிள்யூடி 40 அடிச்சா போதுமா? எங்க ஏரியால எல்லாரும் அதான் அடிக்கறாங்க.

பதில்: அந்த நீல மஞ்சள் டப்பால வர்றது துரு எடுக்க, எறுகுன போல்ட்டை எளக்க நல்லது. செயின்ல ரொம்ப நேரம் நிக்காது, உள்ள இருக்கற எண்ணெயையும் கரைச்சுட்டுப் போயிடும். மண்ணெண்ணெய்ல செயினைக் கழுவி, நல்லா காய வச்சு, சைக்கிள் செயின் ஆயில் ஒவ்வொரு ரோலர்லயும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிய இருக்கறதை துணியால தொடச்சு எடுத்துடுங்க. எண்ணெய் ரோலருக்கு உள்ள இருந்தா போதும், வெளிய இருந்தா செம்மண்ணு ஒட்டி அரைச்சு எடுத்துடும். பழைய இன்ஜின் ஆயில் வேணவே வேணாம்.

கேள்வி (கோவை): அண்ணா, என்னோடது 21 ஸ்பீடு வண்டி. முன்னாடி மூணு, பின்னாடி ஏழு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி பத்துன்னு மாத்தணும்னு ஆசை. மருதமலை ஏறவே மூச்சு வாங்குது. செட்டு வாங்கிடலாமா?

பதில்: வாங்கறதுக்கு முன்னாடி வண்டியைத் தலைகீழா நிறுத்தி ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, பின் வீல். இந்த மாதிரி 7 ஸ்பீடு வண்டிங்கள்ல முக்காவாசி ஃப்ரீவீல் டைப், பல்சக்கரம் மொத்தமும் ஹப் (வீலோட நடுப்பகுதி) மேல மரை போட்டு ஏறி உக்காந்திருக்கும். 10 ஸ்பீடு கேசட்டுக்கு (இதுவும் பின் பல்சக்கர செட்டுதான்) ஃப்ரீஹப் வேணும், அதுல கேசட் பள்ளத்துல சொருகி மேல ஒரு லாக்ரிங் போட்டு முறுக்குவாங்க. அப்ப ஹப்பே மாறுது, அதாவது ஸ்போக் கட்டி புதுசா ஒரு வீல். இதை யாரும் மொதல்ல சொல்றதில்ல, டீரெயிலர் (செயினை பல்லுக்கு பல் தள்ளறது), ஷிஃப்டர் (ஹேண்டில்ல கியர் மாத்தறது), கேசட் எல்லாம் வாங்கி வந்தப்புறம்தான் தெரிய வருது, பாவமா இருக்கு. வீல் மாத்தறதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஃப்ரீவீல் ஹப்ல வலது பேரிங் உள்ள தள்ளி இருக்கும், அதுக்கு வெளிய ஆக்ஸில் ரொம்ப தூரம் ஆதாரம் இல்லாம நிக்கும், குதிச்சு ஓட்டுனா வளையும். ஷிமானோ கம்பெனி மாதிரி ஃப்ரீஹப்ல அந்த பேரிங் ஓரத்துக்கே வந்துடறதால ஆக்ஸில் தாங்கும்.

ரெண்டாவது, முன்னாடி கிராங்க் (பெடல் மாட்டியிருக்கற கை). பல வண்டில மூணு பல்சக்கரமும் ரிவெட் அடிச்சு ஒண்ணா இருக்கும், கழட்ட முடியாது. போல்ட் போட்டதா இருந்தா நடு எடத்துல நேரோ வைட் (ஒரு பல் ஒல்லி, ஒரு பல் தடி, செயின் கழலாம புடிக்கும்) பல்சக்கரம் போடலாம். ரிவெட்டா இருந்தா கிராங்க் செட்டும் சேந்து மாறணும்.

சரி, இவ்வளவும் பண்ணா என்ன கெடைக்கும்னு கணக்கு பாப்போம். உங்க வண்டில முன்னாடி சின்னது 24 பல், பின்னாடி பெருசு 28 பல்னு வச்சுக்கோங்க, 24/28 போட்டா 0.86. இந்த எண் கொறையக் கொறைய மேடு ஏற லேசு. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீடு போட்டா பின்னாடி 11ல இருந்து 48 பல் வரைக்கும், முன்னாடி 32 வச்சா 32/48, அதாவது 0.67. நல்ல வித்தியாசம். ஆனா அதே ஃப்ரீவீல் ஹப்ல 14-34 மெகாரேஞ்ச் ஃப்ரீவீல் மட்டும் மாத்துனா 24/34, 0.71 வந்துடுது! மருதமலை ஏற இதுவே தாராளம். உங்க டீரெயிலர் 34 பல் தாங்குமான்னு மாடல் நம்பரைப் பாத்துக்கோங்க, செயினும் கொஞ்சம் நீளமா வேணும். என்னைக் கேட்டா மொதல்ல இதைப் பண்ணி ஆறு மாசம் ஓட்டுங்க, அப்பவும் ட்ரெயில் ஓட்டுற ஆசை குறையலன்னா வீலோட சேத்து மொத்தமா மாறுங்க.

மாறும்போது ஷிஃப்டரும் டீரெயிலரும் ஒரே செட்டா வாங்குங்க, கேபிளை இழுக்கற அளவு கம்பெனிக்கு கம்பெனி, ஒரே கம்பெனிலயே சீரிஸுக்கு சீரிஸ் மாறுது. 2023ல வந்த ஷிமானோ க்யூஸ் டீரெயிலர் பழைய ஷிமானோ ஷிஃப்டரோட சேராது. ஷிமானோவோட 12 ஸ்பீடு டியோர் எம்6100 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன்னு வேற ஃப்ரீஹப் வேணும். 11 ஸ்பீடு எம்5100 கேசட் சாதாரண ஹெச்ஜி ஃப்ரீஹப்லயே உக்காரும், 11-51 பல் கேசட் கூட.

கேள்வி (பொள்ளாச்சி): சார், வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவும் எறங்கி ஆழியார் வர்றப்ப ஹைட்ராலிக் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுச்சு. ரொம்ப பயந்துட்டேன். எங்க ஊர்ல பைக் மெக்கானிக் டாட் 4 ஆயில் ஊத்தி சரி பண்ணித் தர்றேன்னு சொல்றாரு. ஊத்தலாமா?

பதில்: நில்லுங்க சார், ஊத்தாதீங்க. லீவர்ல ஆயில் மூடி மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஷிமானோ, டெக்ட்ரோ, மாகுரா எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராம்ல லெவல், கைடு, கோடு டாட் ஆயில், ஆனா அதே ஸ்ராமோட டிபி8, மேவன் மினரல் ஆயில். அதனால கம்பெனி பேரை வச்சு முடிவு பண்ணக்கூடாது, மூடியைப் படிக்கணும். மினரல் ஆயில் பிரேக்ல டாட் ஊத்துனா உள்ள இருக்கற ரப்பர் சீல் கெட்டுப் போயிடும், லீவரும் கேலிப்பரும் (வீல்கிட்ட பேடு இருக்கற பகுதி) ரெண்டுமே போன மாதிரிதான். சில நாள் நல்லா புடிக்கும், அதான் ஆபத்து, எறக்கத்துல போய் கைவிட்டுடும்.

இப்ப உங்க பிரச்சனை. கீழ வந்து வண்டி ஆறுனதும் லீவர் பழையபடி கெட்டியாச்சுன்னா சூட்டால வந்தது. ஆறுன பிறகும் மெத்துமெத்துன்னு இருந்து, நாலஞ்சு தடவை வேகமா அமுக்குனா மட்டும் கெட்டியாகுதுன்னா உள்ள காத்து இருக்கு, ப்ளீடு பண்ணணும், அதாவது அந்தக் காத்தை வெளிய எடுக்கணும். மினரல் ஆயில் தண்ணியை உறிஞ்சாது, உள்ள போன ஈரம் தனியா கீழ கேலிப்பர்ல வந்து தங்கிடும், அங்கதான் சூடு அதிகம், 100 டிகிரி தாண்டுனா ஆவியாகும், ஆவி அமுங்கும், லீவர் கைக்கு வந்துடும். பழைய ஆயிலை முழுசா வெளிய எடுத்து புதுசு ஏத்தச் சொல்லுங்க.

பேடையும் வெளிய எடுத்துப் பாருங்க, இரும்புத் தகட்டுக்கு மேல இருக்கற மருந்து 0.5 மிமீக்கு வந்திருந்தா தூக்கிப் போட்ருங்க. ஷிமானோ ரோட்டர் (பிரேக் டிஸ்க்) புதுசுல 1.8 மிமீ தடிமன், 1.5க்கு கீழ வந்தா அதுவும் போச்சு. எறங்கும்போது பிரேக்கை லேசா புடிச்சுட்டே வராதீங்க சார், வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் நல்லா புடிச்சு வேகத்தைக் கொறைச்சுட்டு விட்ருங்க, விட்ட நேரத்துலதான் ரோட்டர் ஆறும். முன் ரோட்டரை 160 மிமீல இருந்து 180 மிமீ ஆக்கறதும் நல்ல செலவு, ஃபோர்க் தாங்கற அளவு அதுலயே போட்டிருக்கும், பாத்துட்டு பண்ணுங்க.

கேள்வி (சென்னை): செயினுக்கு ஸ்ப்ரே அடிச்சேன், டிஸ்க்ல பட்டுடுச்சு. இப்ப பிரேக் புடிச்சா தெருவே திரும்பிப் பாக்குது, வண்டி நிக்கல. பேடை உப்புத்தாள்ல தேச்சா சரியாகுமா?

பதில்: ரோட்டர் சரியாகும், பேடு சந்தேகம். பேடோட மருந்து எண்ணெயை உள்ள குடிச்சிடும், மேல தேச்சாலும் சூடானா மறுபடி கசியும். ரோட்டரை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்ச சுத்தமான துணியால தொடைங்க, துணில கறுப்பு வராத வரைக்கும். புது பேடு போடுங்க. ரோட்டர்ல ‘ரெசின் பேட் ஒன்லி’ன்னு பொறிச்சிருந்தா மெட்டல் பேடு போடாதீங்க, அந்த ரோட்டர் சீக்கிரம் தேஞ்சுடும். போட்டதும் ட்ராஃபிக்ல எறங்காதீங்க. காலி ரோட்ல ஓரளவு வேகத்துல போய், வீல் லாக் ஆகாம, நடக்கற வேகத்துக்கு கொண்டு வாங்க, மறுபடி போங்க, இருபது தடவையாச்சும். பேடு மருந்து ரோட்டர்ல ஒரே சீரா படிஞ்சாதான் பிரேக் புடிக்கும். அடுத்த தடவை ஸ்ப்ரே வேணாம், சொட்டு பாட்டில் வாங்குங்க.

கேள்வி (திருச்சி): மிதிக்கும்போது கடக் கடக்னு சத்தம். கடைல பிபி (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுத்தற பேரிங்) மாத்திட்டாங்க, சத்தம் அப்படியே இருக்கு.

பதில்: சத்தம்னாலே பிபின்னு மாத்திடறாங்க, அதைக் கடைசியா பாக்கணும். எந்திரிச்சு நின்னு மிதிங்க, சத்தம் நின்னா சீட் போஸ்ட்தான், கழட்டி தொடச்சு கிரீஸ் தடவி போடுங்க. நிக்கலன்னா பெடலைக் கழட்டி மரைல கிரீஸ் போடுங்க. இடது பெடல் எதிர்மரை, கடிகார முள் சுத்துற பக்கம் சுத்துனாதான் கழறும், இது தெரியாம பலம் போட்டு கிராங்க் மரையை அழிச்சவங்க நெறைய பேர். அடுத்து பல்சக்கர போல்ட், பின் வீல் க்விக் ரிலீஸ் (வீலை டூல் இல்லாம கழட்டற லீவர்) ரெண்டையும் பாருங்க. பிபி கப்புல வலது பக்கம்தான் எதிர்மரை, பெடலுக்கு நேர்மாறு.

கேள்வி (ஈரோடு): வண்டி வலது பக்கமா விழுந்ததுல இருந்து கியர் சரியில்ல. எத்தனை தடவை ட்யூன் பண்ணாலும் ரெண்டு நாள்ல போயிடுது.

பதில்: ஹேங்கர் (டீரெயிலரை ஃப்ரேம்ல புடிச்சிருக்கற துண்டு) வளைஞ்சிருக்கும். வண்டிக்குப் பின்னாடி உக்காந்து ஒரு கண்ணை மூடிட்டு பாருங்க, டீரெயிலரோட ரெண்டு சின்ன சக்கரமும் பல்சக்கரத்துக்கு நேரா ஒரே கோட்ல இருக்கணும். கீழ் சக்கரம் ஸ்போக் பக்கம் சாஞ்சிருந்தா ஸ்க்ரூவைத் திருகி எந்தப் பிரயோஜனமும் இல்ல, ஹேங்கரை கேஜ் போட்டு நிமுத்தணும் இல்ல மாத்தணும். அப்படியே மலையேத்தத்துல பெரிய பல்லுக்கு மாத்துனீங்கன்னா டீரெயிலர் ஸ்போக்குக்குள்ள போய் வீலே போயிடும், சரி பண்ற வரைக்கும் ஓட்டாதீங்க.

கேபிள் அவுட்டரையும் (கேபிளுக்கு மேல இருக்கற உறை) பாருங்க. வெட்டுன முனையில கம்பிங்க நீளவாக்குல நின்னா கியர் அவுட்டர், ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு இருந்தா பிரேக் அவுட்டர். பிரேக் அவுட்டரை கியருக்கு போட்டு விட்ருக்கறதை பல வண்டில பாத்திருக்கேன், அது அமுங்கும், கியர் நிக்காது. கியர் அவுட்டரை பிரேக்குக்கு போட்டிருந்தா உடனே கழட்டிடுங்க, அழுத்தத்துல பிளந்துக்கும்.

கேள்வி (ராமநாதபுரம்): எங்க ஊர்ல எங்க பாத்தாலும் கருவேல முள்ளு. வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். ட்யூப்லெஸ் மாத்தலாமா?

பதில்: உங்க ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ் ரெடின்னு போட்டிருந்தா கண்ணை மூடிட்டு மாத்துங்க, ரிம் டேப், வால்வு, சீலன்ட் (ஓட்டையை அடைக்கற திரவம்) போதும். சாதாரண ரிம்ல பண்ணாதீங்க, திருப்பத்துல டயர் கழண்டு வரும். அந்த மாதிரி ரிம்முக்கு ட்யூபுக்குள்ளயே சீலன்ட் ஊத்தறதுதான் வழி. பைக் மாதிரி தடி வால்வா இருந்தா உள்ள இருக்கற பின்னை சின்ன டூல்ல கழட்டி ஊத்தலாம். நம்ம வெயில்ல சீலன்ட் சீக்கிரம் காஞ்சுடும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்து ஊத்தணும். ஒவ்வொரு பஞ்சருக்கும் டயர் உள்பக்கம் ஒரு பஞ்சை வச்சு சுத்தி இழுங்க, ஒடஞ்ச முள்ளு நுனி பஞ்சைப் புடிச்சு நிறுத்தும். கையால தடவுனா மாட்டாது, கையும் கிழியும்.

கேள்வி (கோத்தகிரி): அங்கிள், நான் பதினொண்ணாவது படிக்கறேன். மூவாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன். முன்னாடி ஃபோர்க் கல்லு மாதிரி இருக்கு, ஏர் ஃபோர்க் மாத்தலாமா?

பதில்: அந்தக் காசுல நல்ல ஏர் ஃபோர்க் வராதுப்பா, வர்றதா யாராச்சும் சொன்னா நம்பாத. இருக்கறதையே மொதல்ல பாரு. மேல இருக்கற குமிழ் லாக்ல இருக்கான்னு பாரு. ஃபோர்க் கம்பில ஒரு ஜிப் டை கட்டி கீழ சீல் வரைக்கும் தள்ளிட்டு, மெதுவா ஏறி உக்காந்து, மெதுவா எறங்கு. 100 மிமீ ஃபோர்க்கா இருந்தா ஜிப் டை 20ல இருந்து 25 மிமீ மேல போயிருக்கணும். அசையவே இல்லன்னா ஒண்ணு ஸ்ப்ரிங் உன் எடைக்கு ரொம்ப கெட்டி, இல்ல உள்ள கிரீஸ் காஞ்சு போச்சு. கீழ ரெண்டு போல்ட்டை கழட்டி கீழ் கால்களை உருவி, தொடச்சு, சஸ்பென்ஷன் கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லு, ஊட்டிலயோ கோவைலயோ தெரிஞ்ச கடைல பண்ணுவாங்க, கூட நின்னு பாரு, அடுத்த தடவை நீயே பண்ணலாம்.

மிச்சக் காசுல முன் டயரை மாத்து. உங்க ஊர்ல தேயிலைத் தோட்டத்து வழில ஈரமும் களிமண்ணும், அங்க கட்டை பெருசா, இடைவெளி அதிகமா இருக்கற டயர்தான் புடிக்கும். ட்யூபோட ஓட்டுறதா இருந்தா காத்து 30லிருந்து 35 பிஎஸ்ஐ வச்சு ஆரம்பி. ட்யூப்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழுந்தா காத்து கம்மின்னு அர்த்தம், ரெண்டு பிஎஸ்ஐ ஏத்திக்கோ.