14 வருடம் முடிந்தால் மகனை விட்டுவிடுவார்களா?

கேள்வி: கொலை வழக்கில் என் மகனுக்கு செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது. உள்ளே போய் 13 வருடத்துக்கு மேல் ஆகிறது. 14 வருடம் ஆனால் தானாக விட்டுவிடுவார்கள் என்கிறார் ஒருவர், 20 வருடம் என்கிறார் இன்னொருவர். எது சரி?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, இரண்டுமே சரியில்லை. ஆயுள் தண்டனை என்றால் உயிருள்ளவரை சிறை. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடர்ந்த வழக்கில், 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 20 வருடம் என்பது தண்டனையில் பாதி, கால் பங்கு என்று கணக்குப் போட வேண்டிய இடத்துக்கு மட்டும் சட்டம் வைத்திருக்கும் எண்.

14 வருடத்துக்கு அர்த்தம் வேறு. கொலை போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 வருடம் உள்ளே இருக்காமல் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 433ஏ பிரிவு, புதிய சட்டத்தில் 475. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் இதில் சேரும். ஜாமீனிலும் பரோலிலும் வெளியே இருந்த நாட்கள் சேராது, நன்னடத்தைக்காகச் சிறையில் தரும் கழிவும் சேராது. 14 முடிந்தால் அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். கதவு தானாகத் திறக்காது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஹைகோர்ட் தீர்ப்பின் கடைசிப் பத்தியை. '25 வருடம் வரை தண்டனைக் குறைப்பு கிடையாது' என்பது போல ஏதாவது இருக்கிறதா? தூக்கு அதிகம், 14 வருடம் மிகக் குறைவு என்று தோன்றும் வழக்குகளில் இப்படி ஒரு கால அளவைக் குறிக்கலாம் என்று 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. ஆனால் அந்த அதிகாரம் ஹைகோர்ட்டுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே. கொலைக்கு செஷன்ஸ் நீதிபதி அப்படி எழுத முடியாது. எத்தனை வருடம் என்பதற்கு அட்டவணை எதுவும் இல்லை. கொலை நடந்த விதம், இறந்தவரின் நிலை, குற்றவாளியின் வயது, திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றையும் எடைபோடுவார்கள். பெங்களூரில் ஒரு பெண் ஊழியரை வண்டி ஓட்டுநர் கொன்ற வழக்கில், சாகும்வரை குறைப்பே கூடாது என்று விசாரணை நீதிமன்றம் எழுதியதை 2023-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, தானே 30 வருடம் என்று நிர்ணயித்தது.

உங்கள் மகன் தீர்ப்பில் வெறும் 'ஆயுள் தண்டனை' என்று மட்டும் இருந்தால் நல்ல செய்தி. முன்விடுதலைக்கு இப்போதே மனு தயார் செய்யுங்கள். தண்டனை விதித்த நாளில் முன்விடுதலைக்கு அமலில் இருந்த அரசாணையைக் கேளுங்கள், பரிசீலனை அதன்படிதான் நடக்க வேண்டும். பின்னால் வந்த ஆணை இன்னும் சாதகமாக இருந்தால் அதையும் கேட்கலாம். தண்டனை தந்த நீதிமன்றத்தின் கருத்தையும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் வாங்குவார்கள். அந்த அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்போது மகன் எங்கே தங்குவான், என்ன வேலை செய்வான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது மிகவும் முக்கியம்.

காரணம் சொல்லாமல் மனுவை நிராகரித்தால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இலவசமாகவே வக்கீல் தருவார்கள்.