கறை படிந்த மெத்தையை மாடியிலேயே பிரித்துவிடுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் பிறந்தது சின்னமனூர், வாக்கப்பட்டது போடி. என் மாமனார் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து, போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவர் படுத்திருந்தது என் கல்யாணத்துக்குச் சீராக அம்மா வீட்டில் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. பாதிக்கு மேல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. வாடையும் போகவில்லை. தார்ப்பாய் போட்டு மொட்டை மாடியில் மூடி வைத்திருக்கிறோம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு நாத்தனார் பிள்ளைகளோடு வருகிறார். அதற்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும். பட்டப்பகலில் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போகக் கூசுகிறது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் விடியக்காலையில் போட்டு, போடிமெட்டு வளைவில் தள்ளிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எரித்துவிடலாம் என்கிறார் கொழுந்தன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்துவிடு, அவள் துவைத்துத் தைத்துக்கொள்வாள் என்கிறார் அத்தை. ப்ளீச்சிங் பவுடர் போட்டால் கறை போகுமா? ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, மூன்று வருஷம் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்த வீட்டு மெத்தையில் கறை இருக்கத்தான் செய்யும். அதற்காக உங்களுக்குக் கூச்சமே வரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் சொன்ன மூன்று வழியும், அந்தக் கூச்சத்தை வேறொருவர் கையில் கொண்டுபோய் வைக்கிற வழிகள். அதனால்தான் மூன்றுமே வேண்டாம் என்கிறேன்.

முதலில் அத்தை சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னது. சொந்த நாத்தனார் கண்ணில் படக் கூடாது என்று நாம் மூடி வைக்கிற ஒன்றை, வேலைக்கு வருகிறவர் தன் பிள்ளையைப் படுக்கவைக்க எடுத்துக்கொள்ளட்டும் என்று எப்படிக் கொடுப்பது? அவர் மறுக்கவும் மாட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே வாங்கிக்கொள்வார். அந்த மெத்தையைத் துவைத்துச் சுத்தமாக்கவும் முடியாது. மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் காயும்போது படிகமாகப் பஞ்சுக்குள் தங்கிவிடும், வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. வெயில் காலத்தில் வாடை போன மாதிரி இருக்கும், காற்றில் ஈரம் ஏறியதும் திரும்ப வரும். அந்த அக்காவுக்கு ஏதாவது செய்ய அத்தைக்கு மனசிருந்தால், கோரைப் பாயும் ஒரு போர்வையும் புதிதாக வாங்கிக் கொடுக்கட்டும். முதியோர் இல்லத்துக்கோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கோ கொடுத்தனுப்பும் யோசனை வந்தாலும் இதே பதில்தான்.

பழைய பஞ்சு எடுக்கிறோம் என்று வருகிறவர்களிடமும் கறைப்பட்ட பஞ்சைக் கொடுக்காதீர்கள். அடித்துக் காயவைத்தால் பார்வைக்குத் தெரியாது, யாருடைய தலையணைக்குள்ளாவது போய்ச் சேரும். இலவம்பஞ்சு மெத்தைக்கென்றே பேர்வாங்கிய ஊர் உங்களுடையது. கடையில் கொடுத்து அடித்துத் தைக்கலாம் என்று தோன்றினால், நோயாளி படுத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர்மேல் வருத்தப்படக் கூடாது.

அடுத்தது கேரள எல்லைக்கு ஏறுகிற போடிமெட்டு மலைச்சாலை. அந்தச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் தள்ளினாலும் அது மலைச்சரிவில் உருண்டு ஓடையில்தான் விழும். அந்தச் சரிவுகளின் தண்ணீர் இறங்குவது கொட்டகுடி ஆற்றுப் பக்கம், கொட்டகுடி சேர்வது வைகையில். இன்னொன்றும் இருக்கிறது. எல்லையோரத்தில் இருக்கிற நாம், கேரளத்துக் குப்பை லாரி நம் பக்கம் வந்து கொட்டினால் கொதிக்கிறோம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் அங்கிருந்து வந்த மருத்துவக் கழிவைக் கொட்டியது பெரிய விவகாரமாகி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு அவர்களே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நமக்கு வந்த கோபம் நியாயமானது. அதே கோபத்தை எல்லைக்கு மேலே இருக்கிறவர்களுக்கோ, மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்கோ நாம் கொடுக்கலாமா? ஜீப் ஓட்டுகிற தம்பி பிழைப்புக்காகத் தினமும் சோதனைச் சாவடி தாண்டிப் போய்வருகிறவர். மாட்டினால் அவர் வண்டியைத்தான் பிடித்து வைப்பார்கள்.

எரிப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். இலவம்பஞ்சு இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் காற்றடைத்த குழல், மேலே மெழுகுப் பூச்சு. அந்தக் குணத்தால்தான் ஒரு காலத்தில் கப்பலில் போட்டுக்கொள்ளும் உயிர்காப்புச் சட்டைக்குள் அதை வைத்துத் தைத்தார்கள். அதே குணத்தால் சட்டென்று தீப்பிடிக்கும், எரிகிற பஞ்சு காற்றில் பறக்கவும் செய்யும். அமுங்கிக் கிடக்கும் உள்பஞ்சோ அணைந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் கனன்றுகொண்டே இருக்கும். 2018 மார்ச்சில் போடிக்குப் பக்கத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ எப்படிப் பரவியது என்பதைப் போடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் காய்ந்த புல் நடுவே ஒரு பொறி போதும். குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ போட்டு எரிப்பதை திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்கின்றன. இதைப் படிக்கிற வேறு யாரிடமாவது இருப்பது ஃபோம் மெத்தை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும்.

ப்ளீச்சிங் பவுடரும் கூடாது. பழைய மூத்திரக் கறையில் அம்மோனியா இருக்கும். அதன் மேல் ப்ளீச்சிங் பவுடர் பட்டால் கிளம்புகிற குளோரமின் வாயு கண்ணையும் மூச்சையும் அடைக்கும். தூக்கிப்போடப் போகிற மெத்தையை வெளுப்பாக்கி என்ன ஆகப்போகிறது?

இனி வழி. மெத்தையாக அதைக் கீழே இறக்காதீர்கள். மாடியிலேயே பிரித்துவிடுங்கள். பிரித்த பிறகு தெருவில் இறங்குவது நாலைந்து சாக்கு மூட்டைதான். அதை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

தார்ப்பாயை எடுத்துவிட்டு நல்ல வெயிலில் சில நாள் காயவிடுங்கள், மாலையில் மட்டும் மூடுங்கள். வெளித்துணி விறைப்பாகக் காய்ந்து, கையை உள்ளே விட்டால் ஈரம் தட்டாத அளவுக்குக் காய வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். ஈரப் பஞ்சு சாக்குக்குள் பூசணம் பிடித்துவிடும், தூக்குகிறவருக்கும் இரட்டைப் பாரம். காயும்போதே தையல் மடிப்புகளை நன்றாகப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் மெத்தையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டித்தான் கீழே இறக்க வேண்டும்.

பிரிக்கும் வேலையைக் காற்று எழும்பாத அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும், கைக்கு உறை வேண்டும். இலவம்பஞ்சுத் தூசி இருமலைக் கொண்டுவரும், ஆஸ்துமா இருக்கிறவர் பக்கத்திலேயே வரக் கூடாது. வீட்டுக்காரரும் கொழுந்தனும் கூட நிற்கட்டும். மூன்று வருஷம் அந்த மெத்தையில் துணி மாற்றியது நீங்கள், இந்த ஒரு காலைப்பொழுதாவது அவர்கள் செய்யட்டும். மெத்தை முழுக்க இடைவிட்டுக் குத்தியிருக்கும் தையல்களை முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் ஒரு ஓரத்தை மட்டும் பிளேடால் பிரிக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்தால் பஞ்சு தெரு முழுக்கப் பறக்கும். சாக்கின் வாயைத் திறப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

பஞ்சை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறம் மாறிக் கட்டிபிடித்தது ஒரு சாக்கு. கறையே எட்டாத கால்மாட்டுப் பஞ்சு வெள்ளையாக இருந்தால் அது தனி. அதைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் வெயிலில் இன்னொரு முறை காட்டி, உங்களுக்கென்று ஒரு சின்னத் திண்டு தைத்துக்கொள்ளலாம். அம்மா கொடுத்த சீர் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன். மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் மற்றதோடு சேர்த்துவிடுங்கள். அதில் அம்மாவுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கொடுத்தது மூன்று வருஷம் ஒரு நோயாளியின் முதுகைத் தாங்கியிருக்கிறது.

வீட்டுக்குக் கொல்லை இருந்தால், கறைப் பஞ்சை வெளியே அனுப்பவே வேண்டாம். அது மரத்தில் விளைந்தது, மக்கும். குழி எடுத்து சாணம், காய்ந்த இலை, மண் என்று மாற்றி மாற்றிப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நன்றாக நனைத்து மூடுங்கள். மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை லேசில் ஏற்காது, மக்க நாளாகும். தென்னை, வாழைப் பக்கம் போடலாம். கீரைப் பாத்திக்குப் போட வேண்டாம்.

கொல்லை இல்லையென்றால் நகராட்சி அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, காய்ந்த மெத்தைப் பஞ்சு இத்தனை சாக்கு இருக்கிறது, எந்த நாளில் வண்டி வரும், கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மறுசுழற்சிக்கு உதவாத காய்ந்த குப்பையைச் சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாக அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. காய்ந்து, தனியாகக் கட்டியிருந்தால்தான் அதற்கும் ஆகும். மேலுறைத் துணியைத் துண்டுகளாக வெட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி, மாதவிடாய் அணையாடைகளைக் கொடுப்பதுபோலத் தனிப் பையில் அடையாளம் போட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும்போது, வண்டியில் வருகிற தூய்மைப் பணியாளரிடம் வாய்திறந்து சொல்லுங்கள்: “அண்ணே, இது நோயாளி படுத்த மெத்தைப் பஞ்சு, பிரிக்காமல் அப்படியே போட்டுவிடுங்கள்.” உங்கள் கூச்சம் அத்தனையையும் விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு முக்கியம். சொல்லாமல் கொடுத்தால் அவர் வெறுங்கையால் சாக்கைப் பிரித்துத் தரம்பார்ப்பார். ராத்திரியில் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தாலும் காலையில் அதைத் தொடப்போவது அவர்தான். தூக்குகூலியை மனசார, கையில் கொடுங்கள்.

ரப்பர் பூசிய தேங்காய்நார் மெத்தை, ஃபோம் மெத்தை வைத்திருக்கிறவர்கள் பல்வைத்த கத்தியால் துண்டுபோட்டு இதேபோல மூட்டை கட்டலாம். ஆனால் இவற்றைக் குழியில் போட்டால் லேசில் மக்காது. ஸ்பிரிங் மெத்தையின் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

அத்தைக்குப் புது மெத்தை தைத்தால், நீர் இறங்காத விரிப்பு ஒன்றை முதல் நாளே மேலே போட்டு, அதன் மேல் பருத்தித் துணி விரித்துவிடுங்கள்.

நாத்தனார் மெத்தை எங்கே என்று கேட்டால், “அப்பா படுத்தது, பிரித்து அனுப்பிவிட்டோம் அண்ணி” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திருவிழாவுக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள், தள்ளிப்போனாலும் மே மாதத்தைத் தாண்டக் கூடாது. தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக வீச ஆரம்பித்துவிட்டால், ஆடி முடியும் வரை மாடியில் நின்று பஞ்சு பிரிக்க முடியாது.