கணினிக் கேள்வி – பதில்: பட்டியலில் இல்லாத பெயருக்கு மஞ்சள்

(சூத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

கேள்வி: எங்கள் ஊர் வாசிகசாலைக்கு நான் பொருளாளர். எக்செலில் ஏ நிரலில் உறுப்பினர்கள் 312 பேர். சந்தா கட்டியவர்களின் பெயர்களைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்து டி நிரலில் அடித்து வருகிறேன். உறுப்பினர் பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் மஞ்சளாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான். மருமகன் ஒரு சூத்திரம் போட்டுத் தந்தார். மேலே சரியாகத்தான் இருக்கிறது, கீழே போகப்போகப் பட்டியலில் இருக்கிறவர்களும் மஞ்சளாகிறார்கள். வெறும் கலங்களும் மஞ்சள். கௌரி என்ற பெயர்க்காரர் மூன்று பேரும், பெயரில் ஸ்ரீ உள்ள எல்லோரும் எந்த இடத்தில் இருந்தாலும் மஞ்சள். கூட்டத்தில் ஒருவர், "அப்ப நான் உறுப்பினர் இல்லையோ?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். என்ன செய்யலாம்?
– பொருளாளர், கோண்டாவில்

பதில்: ஐயா, இதில் மூன்று பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதல் இரண்டும் மருமகனுடையவை, மூன்றாவதுக்கு அவரைத் திட்டாதீர்கள்.

டி2 தொடங்கிக் கடைசிப் பெயர் வரைக்கும் மேலிருந்து கீழாகத் தெரிவுசெய்யுங்கள். ஹோம், கண்டிஷனல் ஃபோர்மட்டிங், நியூ ரூல் என்று போனால் கடைசி வரியில் சூத்திரம் எழுதும் வசதி இருக்கும். அதில்

=அன்ட்(டி2<>"",கவுண்ட்இஃப்($ஏ$2:$ஏ$313,டி2)=0)

என்று எழுதி மஞ்சளைத் தெரிவுசெய்யுங்கள். டி2-வில் உள்ள பெயர் ஏ நிரலில் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணிப் பார், ஒரு தடவையும் இல்லையென்றால் நிறம் அடி, இதுதான் அதன் பொருள். முன்னால் இருக்கும் டி2<>"" என்ற துண்டுதான் வெறும் கலங்களை விட்டுவிடச் சொல்கிறது.

அந்த டொலர் குறிகளை மருமகன் விட்டிருப்பார். டொலர் இல்லாவிட்டால் ஒவ்வொரு நிரைக்கும் பட்டியலும் சேர்ந்து கீழே இறங்கும். டி50-க்கு வரும்போது ஏ2 முதல் ஏ313 வரை பார்ப்பதற்குப் பதிலாக ஏ50 முதல் ஏ361 வரை பார்க்கும், பட்டியலின் முதல் 48 பேரும் அதன் கண்ணில் படவே மாட்டார்கள். நீங்கள் சொன்ன "கீழே போகப்போக" என்ற அடையாளம் இதற்குத்தான் பொருந்துகிறது. இன்னொன்று, சிலர் டி என்ற தலைப்பைச் சொடுக்கி முழு நிரலையும் தெரிவுசெய்துவிட்டு டி2 என்று எழுதுவார்கள். அப்போது தெரிவு டி1-இல் தொடங்குவதால் எல்லாம் ஒரு படி விலகி, பிழையான பெயருக்கு மேலே இருக்கும் அப்பாவிக்கு மஞ்சள் விழும். தெரிவு எந்தக் கலத்தில் தொடங்குகிறதோ அதையே சூத்திரத்தில் எழுதவேண்டும்.

இனி கௌரிக்கும் ஸ்ரீக்கும் வருவோம். என் ஊகம், உங்கள் உறுப்பினர் பட்டியல் பல வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்தது, பிறகு யாரோ அதை யுனிகோடுக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வாசிகசாலை, கோயில், பள்ளிக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் பழைய கோப்புகள் பாமினியில்தானே கிடக்கின்றன. பாமினியில் கௌ அடிக்கும்போது கொம்பு, க, அப்புறம் சாதாரண ள என்று மூன்றாகத்தான் அடிப்போம், மாற்றும்போது அது கெளரி என்றே வந்து நிற்கும். நீங்கள் இப்போது யுனிகோடில் அடிப்பது கௌரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறுவேறு ஆட்கள். சோதிக்க வேண்டுமென்றால் பக்கத்துக் கலத்தில் =லென்(ஏ2) என்ற வகையில் எழுதிப் பாருங்கள்: லென் கொம்பு, விசிறி போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணும், ஆகவே கௌரி மட்டும் இருக்கும் கலத்துக்கு 4 வரும், கெளரிக்கு 5 வரும்.

ஸ்ரீ அதைவிடக் கள்ளன். யுனிகோடில் ஶ என்ற எழுத்து 2005-இல்தான் தனியாகச் சேர்ந்தது. ஆகவே ஒரு ஸ்ரீ ஸ-வில் தொடங்கும், இன்னொரு ஸ்ரீ ஶ-வில் தொடங்கும், திரையில் இரண்டும் ஒரே வடிவம். எழுத்து எண்ணிக்கையும் ஒன்றுதான், லென் உதவாது. எக்செல் 2013 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் ஸ்ரீ என்ற எழுத்தை மட்டும் ஒரு கலத்தில் ஒட்டி, பக்கத்துக் கலத்தில் =யுனிகோட்( ) என்று அடைப்புக்குள் அந்தக் கலத்தைக் காட்டிக் கேளுங்கள், ஒன்றுக்கு 3000 என்றும் மற்றதுக்கு 2998 என்றும் சொல்லும்.

திருத்துவது சுலபம். உறுப்பினர் பட்டியலில் இருந்து ஸ்ரீயைப் பிரதிசெய்து ஃபைண்ட் பெட்டியிலும், நீங்கள் அடித்ததை ரிப்ளேஸ் பெட்டியிலும் ஒட்டி ஒரே அடியாக மாற்றிவிடலாம். கௌ விடயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். "ெள" என்பதை எங்கே கண்டாலும் "ௌ" ஆக்கு என்று சொன்னால் வெள்ளையனும் வெள்ளவத்தையும் சேர்ந்து சிதைந்துவிடும். கெளரி, செளந்தர, மெளன என்று பெயர்த்துண்டாகவே தேடி மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் கோப்பின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை வைக்காமல் மாட்டி அரைநாள் இழந்தவன் சொல்கிறேன்.

இதெல்லாம் செய்த பிறகும் சில பெயர்கள் மஞ்சளாகவே நிற்கும். "க.சிவகுமார்" என்பதும் "க. சிவகுமார்" என்பதும் வேறு, புள்ளிக்குப் பிறகு இடைவெளி இருக்கிறதே. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் இடைவெளியை ட்ரிம் என்ற சூத்திரம் எடுத்துவிடும், ஆனால் இணையப் பக்கத்தில் இருந்து பிரதிசெய்தவற்றில் வரும் 160-ஆம் இலக்க இடைவெளிக்கு ட்ரிம் போதாது. அதற்கு =ட்ரிம்(சப்ஸ்டிடியூட்(டி2,சார்(160)," ")) என்று எழுதவேண்டும்.

மஞ்சளாகாதவர்களையும் முழுதாக நம்பவேண்டாம். ஒரே முதலெழுத்தில் இரண்டு சிவகுமார் இருந்தால், ஒருவர் கட்டிய காசு மற்றவர் பெயரில் சத்தமில்லாமல் சரியாகிவிடும். என்னைக் கேட்டால், உறுப்பினர் இலக்கம் ஒன்று கொடுத்து அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதுங்கள், ஒப்பிடுவதை இலக்கத்தில் செய்யுங்கள். சண்டைக்கு வந்தவருக்கு, மஞ்சள் என்றால் எழுத்துப் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம், ஆளை நீக்கியதாக இல்லை என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கொடுத்தால் போதும். சந்தா கட்டாதவர்கள் யார் என்று பார்க்கவேண்டுமானால் இதே சூத்திரத்தைத் திருப்பி, ஏ நிரலைத் தெரிவுசெய்து டி நிரலில் தேடுங்கள்.

கேள்வி: நான் பெயரை நம்பாமல் அடையாள அட்டை இலக்கத்தைத்தான் ஒப்பிடுகிறேன். ஆனாலும் தெரிந்த ஆட்களே "இல்லை" என்று வருகிறார்களே?
– வாசகி, சுன்னாகம்

பதில்: ஒரு பட்டியலில் பழைய இலக்கம், மற்றதில் புதியது என்று இருக்கும், தங்கச்சி. பழையது 9 இலக்கமும் ஒரு வி அல்லது எக்ஸும். 2016 முதல் வருவது 12 இலக்கம். ஒரே ஆள் புது அட்டை எடுத்திருந்தால் இரண்டும் பொருந்தாது. பழையதைப் புதியதாக மாற்றலாம்: முன்னால் 19, பிறகு பழைய இலக்கத்தின் முதல் 5, பிறகு ஒரு 0, பிறகு மிச்சம் 4. உதவி நிரல் ஒன்றில்

=இஃப்(லென்(பி2)=10,"19"&லெஃப்ட்(பி2,5)&"0"&மிட்(பி2,6,4),பி2)

என்று போட்டு இரண்டு பட்டியலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். ஒன்றில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருந்தாலும் கவுண்ட்இஃப் சமாளிக்கும், தேடுவதற்குச் சிலர் போடும் மேட்ச் என்ற சூத்திரம் சமாளிக்காது. வி சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்ற கவலையும் வேண்டாம்.

கேள்வி: கூகுள் ஷீட்ஸில் பட்டியல் வேறு தாளில் இருக்கிறது. என்ன செய்ய?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: தாளின் பெயரை இண்டைரெக்ட் என்பதற்குள் மேற்கோளில் போடுங்கள், தம்பி:

=கவுண்ட்இஃப்(இண்டைரெக்ட்("'உறுப்பினர்'!ஏ2:ஏ313"),டி2)=0

மேற்கோளுக்குள் இருப்பது வெறும் எழுத்து என்பதால் அது கீழே இறங்காது, டொலர் தேவையில்லை. ஆனால் நாளைக்குத் தாளின் பெயரை மாற்றினால் இங்கேயும் நீங்களே மாற்றவேண்டும். எக்செலில் 2010 முதல் வேறு தாளை நேராகவே எழுதலாம், 2007 வைத்திருப்பவர்கள் மட்டும் பட்டியலுக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரைச் சூத்திரத்தில் எழுதுங்கள்.