88 சதவீதம் பேர் எங்கே போனார்கள்?

அன்புள்ள ஐயா,

மத்திய ஆசியா பற்றிய குறிப்பில் கஜகஸ்தானின் ஆளுங்கட்சியை ‘வெறும் பெயர்ப்பலகை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். 2007 தேர்தலில் 88 சதவீத ஓட்டு வாங்கிய கட்சி அது. பழைய சோவியத் கம்யூனிஸ்ட் கட்சிதான் வேறு சட்டை போட்டுத் தலைநகர் நூர்சுல்தானில் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். அவ்வளவு பெரிய கட்சி வெறும் பலகையா?

கா.ச., திண்டுக்கல்

அன்புள்ள கா.ச.,

பெயர்ப்பலகை என்றது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் சோவியத் கட்சியோடு ஒப்பிடுவதை ஏற்க முடியவில்லை. அங்கே கட்சிதான் எஜமான், அரசாங்கம் அதன் கணக்குப்பிள்ளை. கஜகஸ்தானின் முதல் ஜனாதிபதி நூர்சுல்தான் நஜர்பாயெவ் அந்த ஏணியில் ஏறி வந்தவர்தான். 1989இல் கஜக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் ஆனார். அந்தக் கட்சி சரிந்ததைக் கிட்ட இருந்து பார்த்த மனிதர், அதிகாரத்தை மறுபடி ஒரு கட்சியிடம் கொண்டுபோய்க் கொடுப்பாரா? ஜனாதிபதி மாளிகையிலேயே வைத்துக்கொண்டார். கட்சி அப்புறம்தான் வந்தது, 1999இல். பெயர் ஒதான், அதாவது தாய்நாடு. 2006இல் சொந்த மகள் தரிகாவின் அசார் உட்பட மூன்று கட்சிகளை அதில் கரைத்து, முன்னால் ‘நூர்’ சேர்த்தார்கள். நூர் என்றால் ஒளி. நம் ஊர் நூர்முகமதுவில் இருக்கும் அதே நூர். தலைவர் பெயரும் நூர்சுல்தான் என்பது தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் சொல்லும் 88 சதவீதம் அடுத்த வருடம் வந்தது. சபைக்குள் நுழையத் தேவையான 7 சதவீதக் கோட்டை வேறு எந்தக் கட்சியும் தாண்டவில்லை. மக்கள் ஓட்டுப்போட்ட 98 இடங்களும் நூர் ஒதானுக்கே. பேருக்குக்கூட ஓர் எதிர்க்கட்சி இல்லாத சபை அவர்களுக்கே கூச்சமாகப் போயிற்று. இரண்டாவதாக வரும் கட்சிக்காவது இடம் உண்டு என்று சட்டத்தை மாற்றினார்கள். 2012இல் இரண்டு சிறு கட்சிகள் உள்ளே வந்தன. ஒன்றுக்கு 7.47 சதவீதம், இன்னொன்றுக்கு 7.19. கணக்கில் சரியாக 35 வாங்கிப் பாஸாகும் பையனைப் பார்க்கும் வாத்தியாரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே மாகாண ஆளுநரை அக்கிம் என்பார்கள். ஜனாதிபதி பார்த்து நியமிக்கும் ஆள். 2022 வரை கட்சியின் மாகாணக் கிளைக்கும் அவரே தலைவராக இருந்தார். அதனால் பலகை என்பதைத் திருத்தி, வருகைப்பதிவேடு என்று எழுதிக்கொள்கிறேன். யார் யாருக்குக் கீழே என்று காட்டுவதற்கு அது நன்றாகவே உதவியது.

வருகைப்பதிவேட்டுக்காக யாரும் தெருவில் இறங்குவதில்லை. 2022 ஜனவரி 2ஆம் தேதி ஜனாவ்சென் என்ற எண்ணெய் ஊரில் கிளர்ச்சி தொடங்கியது. கார்களுக்குப் போடும் எரிவாயு லிட்டர் 60 தெங்கேயிலிருந்து 120 ஆகியிருந்தது. சில நாட்களில் கோஷம் எரிவாயுவை விட்டுவிட்டது: “ஷால், கெத்!” கிழவா, போ! தல்திகொர்கனில் நஜர்பாயெவ் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். அல்மாத்தியில் கட்சி அலுவலகம் எரிந்தது. அரசின் கணக்குப்படியே 238 பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் தலைவரைக் காக்கக் கட்சிக்காரர்கள் திரண்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. வந்தது ரஷ்யா தலைமையிலான கூட்டணிப் படை.

அதற்குப் பிறகு நடந்ததன் வரிசையைக் கவனியுங்கள். நஜர்பாயெவ் 2019இல் ஜனாதிபதி பதவியை விட்டபோது பாதுகாப்பு சபையின் தலைமையையும் கட்சித் தலைமையையும் கையில் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த தொகாயெவ், சிலை சாய்ந்த அதே ஜனவரி 5ஆம் தேதி பாதுகாப்பு சபையை எடுத்துக்கொண்டார். கட்சியை எடுத்தது 28ஆம் தேதி. வீடு தீப்பிடித்தால் பீரோச் சாவியைத்தானே முதலில் எடுப்போம்? கட்சி மூன்று வாரம் காத்திருந்தது.

மார்ச்சில் அதற்குப் புதுப் பெயர், அமானத். தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்பார்களே, நம்பி ஒப்படைத்த பொருள், அதே சொல். ஏப்ரலில் தொகாயெவ் கட்சியை விட்டே விலகினார். இனி ஜனாதிபதி எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது என்று ஜூனில் அரசியல் சட்டத்திலும் எழுதியாயிற்று. சரி, ஜனாதிபதி விலகிய கட்சி என்ன ஆனது? 2023 மார்ச் தேர்தலில் 98இல் 62 இடங்கள். பதிவேட்டின் அட்டைதான் புதுசு.

இன்னொன்று, தலைநகரை நூர்சுல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் அதை மறுபடி அஸ்தானா ஆக்கிவிட்டார்கள். 2019இல் அந்தப் பெயரை வைக்கச் சொன்னவரும் தொகாயெவ்தான், எடுத்தவரும் அவரேதான்.