டெக்சாஸின் கிராமப்புறக் கவுண்டியில் கிடைத்த டிராஃபிக் டிக்கெட்டின் பதிவை எங்கே தேடுவது?

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. டெக்சாஸில் மட்டும் 254 இருக்கின்றன. டிராஃபிக் டிக்கெட் அபராத ரசீது அல்ல, நீதிமன்ற அழைப்பு. ஆகவே உங்கள் வழக்கின் பதிவு நீதிமன்ற எழுத்தரிடம்தான் இருக்கும்.

எந்த நீதிமன்றம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நகரப் போலீஸ் கொடுத்த டிக்கெட் நகராட்சி நீதிமன்றத்துக்குப் போகும். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப்பின் ஆளோ மாநில நெடுஞ்சாலைப் போலீஸோ கொடுத்தது, பொதுவாக அந்தப் பகுதியில் சிறு வழக்குகளை விசாரிக்கும் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' நீதிமன்றத்துக்குப் போகும். ஒரே கவுண்டியில் இப்படிப் பல இருக்கலாம். ஒவ்வொன்றும் தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொள்கிறது. பதிவுத் தபால் உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் காத்திருக்க, தலைமைத் தபால் நிலையத்தில் போய்க் கேட்டால் கிடைக்குமா?

டிக்கெட்டின் காகிதத்தைப் பாருங்கள். நீதிமன்றத்தின் பெயர், டிக்கெட் எண், பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் எல்லாம் அதிலேயே இருக்கும். தொலைந்துவிட்டால் ஓட்டுநர் உரிம எண்ணும் பிறந்த தேதியும் கையில் வைத்துக்கொண்டு எழுத்தருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். சிறிய கவுண்டிகளில் இணையத்தில் துழாவுவதைவிட இதுவே வேகம். கடைசி நாளைத் தவறவிட்டால் கைது வாரண்ட் வரை போகலாம். அதற்குள் கேட்டால், தகுதி உள்ளவர்கள் பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பு முடித்து வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

"பணம் கட்டினால் பதிவே இருக்காது" என்று பலர் நம்புகிறார்கள். டெக்சாஸில் அபராதத்தை அப்படியே கட்டுவது குற்றத்தை எதிர்க்காமல் ஏற்பதாகும், தண்டனையும் ஓட்டுநர் பதிவில் ஏறிவிடும்.